கோணல் முத்தும் தனிக் கோபுரமும்
(பழைய கோவாவின் அகுஸ்தீனார் மடம் குறித்து ஒரு பங்குத்தந்தையின் சிந்தனை)

புனித சவேரியாரின் திருவுடல் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வணக்கத்திற்கு வைக்கப்படுவதை நம் நாஞ்சில் நாட்டுக் கத்தோலிக்கர் மறப்பதில்லை. 1544ஆம் ஆண்டின் இறுதியில் நம் கடற்கரை ஊர்களில் கால்நடையாக வந்து, நம் முன்னோருக்குத் திருமுழுக்கு அளித்தவர் அவர். கேட்ட வரம் தரும் கோட்டாற்றுச் சவேரியார் என்று நாம் அழைப்பவரின் உடலோ கோவாவில் இருக்கிறது. ஆகவே 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை நடைபெற்ற வணக்க நாள்களில், எங்கள் பங்கிலிருந்தும் ஒரு குழு புறப்பட்டது. நாகர்கோவிலில் இரயில் ஏறி மட்காவில் இறங்கிய அக்குழுவுடன் நானும் சென்றேன்.

நெடிய வரிசையில் நின்று திருவுடலை வணங்கி முடித்தபின், மக்கள் மெழுகுதிரியும் செபமாலையும் முந்திரிப்பருப்பும் வாங்கக் கடைவீதிக்குப் பிரிந்தனர். நான் அருகிலிருந்த குன்றின் மேல் ஏறினேன். போர்த்துக்கீசியர் அதனை 'மோந்தே சாந்தோ', அதாவது புனித மலை, என்று அழைத்தனர். என்னுடன் எங்கள் பங்கைச் சேர்ந்த வயதான கொத்தனார் ஒருவரும் வந்தார். குன்றின் மேல் கூரையின்றிக் கிடந்த சுவர்களுக்கு நடுவே, வானத்தைக் குத்துவது போல ஒற்றைக் கோபுரம் நின்றது. ஒரு பக்கம் முழுதும் இடிந்து விழுந்து, மறுபக்கம் மட்டும் எஞ்சி நிற்கும் செம்புரைக்கல் கோபுரம் அது. கொத்தனார் அதனை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கேட்டார்: "சாமி, எல்லாந்தான் விழுந்து போச்சே, இந்த ஒண்ண மட்டும் எதுக்கு இப்பிடி நிறுத்தி வச்சிருக்காவ? இடிச்சுப் போட்டுப் புதுசா கட்டப்பிடாதா?"

அக்கேள்விக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அவருக்கு நான் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கும் முயற்சியாகும்.

மலைமேல் எழுந்த மடம்

புனித அகுஸ்தீனார் சபைத் துறவிகள் பன்னிருவர் 1572ஆம் ஆண்டில் கோவாவுக்கு வந்தனர். பிரான்சிஸ்கு சபையாரும், தோமினிக்கு சபையாரும், இயேசு சபையாரும் அவர்களுக்கு முன்பே அங்கு நிலைபெற்றுவிட்டனர். பின்னால் வந்தவர்கள் நகரின் உயர்ந்த இடத்தைத் தேர்ந்துகொண்டனர். அங்கே அருள் அன்னையின் பெயரால் மடத்தையும் ஆலயத்தையும் எழுப்பினர். இன்று சிதைந்து கிடக்கும் பேராலயத்தின் கட்டுமானம் 1597இல் தொடங்கி 1602இல் நிறைவுற்றதாகக் கூறுவர்.

அதே சபையைச் சேர்ந்த அலெய்சோ தெ மெனேசஸ் என்பவர் 1595இல் கோவாவின் பேராயராக வந்து சேர்ந்தார். 1599இல் உதயம்பேரூர்ச் சங்கத்தைக் கூட்டியதன் வழியாக மலையாளத்துத் தோமையார் கிறிஸ்தவரின் வரலாற்றையே திருப்பியவர் இவர்தாம். அவருடைய காலத்திலேதான் அகுஸ்தீனாரின் கட்டடங்கள் குன்றெங்கும் பெருகின. அக்குன்றின் மேலேயே 1606இல் தொடங்கி 1627இல் முடிந்த புனித மோனிக்கம்மாள் கன்னியர் மடமும் அவர் நிறுவியதே. கீழை நாடுகளிலேயே தொன்மையான கன்னியர் மடம் என்று அதனைப் போற்றுகின்றனர்.

ஆலயத்தின் முகப்பை ஒட்டி நின்ற கோபுரம் நான்கு நிலைகள் கொண்டது. உயரம் 46 மீட்டர்; நம் கணக்கில் சற்றேறக்குறைய 150 அடி. உள்ளே பக்கவாட்டில் எட்டுச் சிற்றாலயங்களும் நான்கு பீடங்களும் இருந்தன. தரையெங்கும் கல்லறைக் கற்கள். சுவர்களில் நீலமும் மஞ்சளும் கலந்த ஓவிய ஓடுகள் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றின் சில்லுகளை இன்றும் ஆங்காங்கே காணலாம்.

ஆலயத்தை ஒட்டியே மடம். நடுவே திறந்த முற்றம்; அதனைச் சுற்றி நாற்புறமும் வளைவுகள் தாங்கிய நடைக்கூடம்; நடைக்கூடத்தை ஒட்டி உணவறை, சபை கூடும் அறை, துறவிகளின் சிற்றறைகள். இவ்வமைப்பு நமக்கு அந்நியமானதன்று. நம் பழைய நாலுகட்டு வீடுகளின் முற்றத்தையும், பத்மநாபபுரம் அரண்மனையின் உள்முற்றங்களையும் கண்டவர்கள், கோவாவின் மடத்து முற்றத்தில் நின்றால் வீட்டிற்குள் நிற்பதாகவே உணர்வர். மழையையும் வெயிலையும் உள்ளே அழைத்து, உலகின் இரைச்சலை வெளியே நிறுத்துவது முற்றத்தின் பணி. நம் காரணவர் குடும்பத்தை ஒன்று சேர்க்க அதனைக் கட்டினர். துறவிகளோ செபத்தையும் மௌனத்தையும் சேர்த்து வைக்கக் கட்டினர்.

கோணல் முத்து

இம்மடத்தைக் கட்டிய காலத்துக் கலையைப் 'பரோக்' என்று வழங்குகின்றனர். அச்சொல்லின் வேர் போர்த்துக்கீசிய மொழியில் உருண்டை வடிவம் பெறாத கோணல் முத்தைக் குறிக்கும் 'பர்ரோக்கோ' என்பதே என்பது பலரும் ஏற்கும் கருத்து. முத்துக்குளித்துறைக்கு அண்டை வீட்டாராகிய நமக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. சிப்பியைப் பிளந்து பார்க்கையில் ஆணி முத்தும் வரும், கோணல் முத்தும் வரும். கோணல் முத்துக்கு விலை குறைவு. ஆனால் அதன்மேல் விழும் ஒளி ஒரே இடத்தில் நில்லாமல் ஓடும். பரோக் கலையைப் பழித்தவர்களே முதலில் அதற்கு இப்பெயரைச் சூட்டினர். அக்கலையின் அழகு எங்கே இருக்கிறது என்பதையும் அப்பெயரே காட்டிவிடுகிறது. நேர்க்கோடு வளைகிறது, தூண் முறுக்கிக்கொள்கிறது, ஒளியும் நிழலும் ஒன்றையொன்று துரத்துகின்றன.

1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரிதெந்தீன் சங்கம், நற்கருணையில் ஆண்டவரின் மெய்யான பிரசன்னத்தையும், புனிதர்களுக்கும் அவர்தம் திருவுருவங்களுக்கும் உரிய வணக்கத்தையும் வலியுறுத்தியது. அப்போதனைக்குக் கல்லிலும் மரத்திலும் வடிவம் தர வேண்டிய கடமை கட்டடக் கலைஞர்களுக்கு ஏற்பட்டது. உரோமையில் 1568இல் தொடங்கப்பட்டு 1584இல் நேர்ந்தளிக்கப்பட்ட இயேசு சபையாரின் தாய்க் கோவில் அதற்கு வழிகாட்டியாயிற்று. பார்வையை மறைக்கும் தூண்வரிசைகள் நீங்கின. ஒரே அகன்ற கூடம் வந்தது. கடைசி வரிசையில் நிற்பவனும் பீடத்தைக் காணவேண்டும், மறையுரையைக் கேட்கவேண்டும் என்பதே நோக்கம்.

கோவாவின் பொம் ஜேசு பேராலயம் 1594 நவம்பர் 24 அன்று தொடங்கப்பட்டு, 1605 மே 15 அன்று மேற்சொன்ன பேராயர் மெனேசஸ் அவர்களால் நேர்ந்தளிக்கப்பட்டது. அதன் முகப்பு 78 அடி உயரமும் 75 அடி அகலமும் உடையது; ஏறத்தாழ ஒரு சதுரம். உச்சியில் இயேசுவின் திருப்பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துகள். உள்ளே நுழைந்தால் பொன் பூசிய மரப்பீடம் தரையிலிருந்து கூரை வரை எழுகிறது. நடுவில் புனித இஞ்ஞாசியாரின் பெரிய உருவம். அவர் காலடியில் சின்னஞ்சிறு குழந்தை இயேசு. ஆலயம் குழந்தை இயேசுவின் பெயருக்கு உரியது. பெரிதாக நிற்பவரோ சபை நிறுவுநர். இந்த அளவு முரணை நான் குறையாகவே காண்கிறேன். ஆனால் இஞ்ஞாசியாரின் கண்கள் நம்மை நோக்கவில்லை. மேலே ஒளிவட்டத்தில் உள்ள ஆண்டவரின் திருப்பெயரை நோக்குகின்றன. பரோக் கலை தன் குறையைத் தானே திருத்திக்கொள்ளும் விதம் இது. நம் பார்வையைத் தன்மேல் இழுத்து, பிறகு தன்னைத் தாண்டி அனுப்பிவிடுகிறது. அனுப்பாமல் தன்னிடமே நிறுத்திக்கொள்ளுமானால் அது வெறும் ஆடம்பரம். எந்தப் பீடத்தையும், எந்த ஆலயத்தையும் மதிப்பிட எனக்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் கிடைத்ததில்லை.

பகட்டு என்னும் குற்றச்சாட்டு

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். இத்துணைப் பொன்னும் உயரமும் நற்செய்திக்கு ஏற்றவையா? தச்சன் மகனாகிய இயேசுவுக்கு 150 அடிக் கோபுரம் எதற்கு? மேலும், அக்கோபுரம் எழுந்த நகரிலேதான் 1560 முதல் மறைவிசாரணை மன்றம் இயங்கிற்று. 1812இல்தான் அது இறுதியாக ஒழிக்கப்பட்டது. பேரரசின் கப்பல்கள் கொணர்ந்த செல்வமும் பேரரசின் அதிகாரமும் அக்கற்களுக்கிடையே காரையோடு காரையாகக் கலந்திருக்கின்றன. இதனை மறைத்துவிட்டுக் கலையழகை மட்டும் புகழ்வது உண்மைக்கு மாறாகும்.

ஆயினும் முழு உண்மை அவ்வளவில் முடிந்துவிடுவதில்லை. வரைபடம் ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம். கல்லை வெட்டிய கைகள் இம்மண்ணின் கைகள். சவேரியாரின் உடல் வைக்கப்பட்டிருக்கும் வெள்ளிப் பேழை 1636–37இல் கோவாப் பொற்கொல்லர்களால் செய்யப்பட்டது. அப்பேழை வீற்றிருக்கும் சலவைக்கல் மேடையோ தஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் மூன்றாம் கொசிமோ அனுப்பிய கொடை. பிளாரன்சு நகரச் சிற்பி பொகினி பத்தாண்டுகள் உழைத்துச் செய்த அது 1698இல் நிறுவப்பட்டது. இத்தாலியச் சிற்பியின் மேடைமேல் கோவாத் தட்டாரின் வெள்ளி! எது மேலானது என்று வழக்காட வேண்டியதில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவுறாது.

அகுஸ்தீனார் ஆலயத்தைக் குறித்து எனக்குள்ள மனக்குறை வேறு. அதன் கோபுரத்தின் உயரம் மடத்தின் தேவையிலிருந்து பிறந்ததாகத் தெரியவில்லை. நகரில் ஏற்கெனவே இருந்த சபையாரின் கட்டடங்களை விஞ்ச வேண்டும் என்னும் போட்டியும் அதில் உண்டு என்றே எண்ணத் தோன்றுகிறது. மணியோசை மக்களை அழைக்க அவ்வளவு உயரம் வேண்டியதில்லை. இவ்வாறு எழுதும்போதே என் மனம் உறுத்துகிறது. அடுத்த பங்கின் கோபுரத்தைவிட நம் கோபுரம் பத்தடியேனும் உயர்ந்திருக்க வேண்டும் என்னும் பேச்சை நம் பங்குப் பேரவைக் கூட்டங்களில் நாம் கேட்டதில்லையா? அகுஸ்தீனாருக்கு வந்த நோய் நமக்கும் வந்திருக்கிறது. அவர்கள் செம்புரைக்கல்லில் கட்டினர். நாம் கான்கிரீட்டில் கட்டுகிறோம். அவ்வளவே வேறுபாடு.

வீழ்ச்சியின் வரலாறு

இம்மடத்தைப் பகைவரோ பூகம்பமோ வீழ்த்தவில்லை. 1834இல் போர்த்துக்கல் அரசு துறவற சபைகளைக் கலைத்து ஆணையிட்டது. மறு ஆண்டில் கோவாவின் துறவிகளும் தங்கள் மடங்களை விட்டு வெளியேறினர். கொள்ளை நோய்களால் பழைய நகரமே ஏற்கெனவே வெறிச்சோடியிருந்தது. 1843இல் பணஜி முறைப்படி தலைநகராயிற்று. 1842இல், துறவிகள் வெளியேறி ஏழே ஆண்டுகளில், ஆலயத்தின் கூரை வளைவு சரிந்து விழுந்தது. 240 ஆண்டுகள் நின்ற கூரை, ஆளில்லாமல் ஏழு மழைக்காலங்களுக்கு மேல் நிற்கவில்லை. பெரிய மணி 1871இல் பணஜி அமலோற்பவ அன்னை ஆலயத்தை அடைந்தது. இன்றும் அங்கே ஒலிக்கிறது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் ஒரு பாதியும் விழுந்தன. எஞ்சியதே இன்று நாம் காண்பது.

ஏன் இவ்வளவு விரைவில் விழுந்தது? இதனை எனக்கு விளக்கியவர் உடன் வந்த கொத்தனாரே. செம்புரைக்கல்லை நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்தார் வெட்டுக்கல் என்பர். மண்ணுக்குள் இருக்கும்போது கோடரியால் வெட்டலாம். வெளியே எடுத்துக் காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் அதன் உடம்பெல்லாம் துளை. மழைநீரைக் குடிக்கும். ஆகவே அக்கல்லுக்குச் சுண்ணாம்புக் காரை என்னும் தோல் வேண்டும். அத்தோலின்மேல் மழைக்காலம் முடிந்ததும் வெள்ளை பூச வேண்டும். ஓராண்டு தவறினால் பாசி படரும். ஈராண்டு தவறினால் விரிசலில் ஆலும் அரசும் முளைக்கும். கூரை வளைவோ எந்நேரமும் தன்னைத் தாங்கும் சுவர்களை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். நீர் இறங்கிக் காரை கரைந்ததும் சுவர் விலகும். சுவர் விலகியதும் வளைவு விழும். "வெள்ள பூச ஆளில்லாமத்தான் விழுந்திருக்கு சாமி," என்றார் அவர்.

இதில் ஓர் இறையியல் இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆண்டுதோறும் வெள்ளை பூசிய பெயர் தெரியாத தொழிலாளியும், கூரையேறி முளைத்த செடியைப் பிடுங்கிய பொதுநிலைச் சகோதரரும்தான் அப்பேராலயத்தை 240 ஆண்டுகள் தாங்கி நின்ற உண்மையான தூண்கள். திருச்சபை என்பது கட்டடம் அன்று, மக்களே என்று நாம் மறையுரையில் சொல்கிறோம். அது மெய். மக்கள் நீங்கினால் கட்டடமும் நில்லாது என்பதும் மெய்யே.

தோலின் இன்றியமையாமைக்கு இன்னொரு சான்று கீழேயே நிற்கிறது. பொம் ஜேசு பேராலயத்தின் வெளிச்சுவர்களில் இருந்த காரைப் பூச்சை 1950களில், பழமைத் தோற்றம் வேண்டும் என்று கருதிச் செதுக்கி எடுத்துவிட்டனர். இன்று செந்நிறமாக நாம் கண்டு வியக்கும் சுவர் உண்மையில் தோலுரிந்த சுவர். மழையில் அது அரித்துக்கொண்டு வருகிறது. மீண்டும் காரை பூச வேண்டும் என்னும் குரலும், கண்ணுக்குப் பழகிவிட்ட செந்நிறத்தை மாற்றலாகாது என்னும் குரலும் அங்கே மோதிக்கொண்டிருக்கின்றன. பழமையைக் காதலிக்கும் ஆர்வமே பழமையைக் கெடுத்த கதை இது. இடிப்பவன் மட்டுமே குற்றவாளி என்று எண்ண வேண்டாம். அறியாமல் அழகுபடுத்துபவனும் குற்றவாளியே.

இடிபாட்டில் கிடைத்த சாட்சியம்

இவ்விடிபாடுகள் இன்று இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளன. கோவாவின் ஆலயங்களும் மடங்களும் 1986இல் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. காப்பாற்றியதன் பயன் எதிர்பாராத வகையில் வெளிப்பட்டது.

ஜார்ஜியா நாட்டுக் கக்கேத்தியின் அரசி கெத்தேவான், தம் கிறிஸ்தவ நம்பிக்கையைக் கைவிட மறுத்ததற்காக, 1624இல் பாரசீகத்தின் ஷிராஸ் நகரில் சித்திரவதைக்குள்ளாகி உயிர்நீத்தார். அங்கே பணியாற்றிய அகுஸ்தீனார் துறவிகள் அவருடைய திருப்பண்டங்களில் ஒரு பகுதியை 1627இல் கோவாவுக்குக் கொணர்ந்து, தங்கள் மடத்தின் சபைக்கூடச் சிற்றாலயத்தில் வைத்தனர். பழைய ஆவணங்கள் சுட்டிய இடத்தை இடிபாடுகளுக்கிடையே தேடிய ஆய்வாளர்கள் எலும்புகளைக் கண்டெடுத்தனர். ஐதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையம் செய்த மரபணு ஆய்வு, 2013இல், அவை அவ்வரசியுடையவையாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று உறுதிப்படுத்தியது. 2021 சூலையில் அத்திருப்பண்டத்தின் ஒரு பகுதி ஜார்ஜிய மக்களுக்கு வழங்கப்பட்டது.

கொத்தனாரின் கேள்விக்கு இதோ விடையின் முதற்பகுதி. அவ்விடத்தைச் சமன்படுத்திப் புதிதாக ஒன்றைக் கட்டியிருந்தால், ஒரு நாடே தேடிய மறைச்சாட்சியின் எலும்பு அடித்தளத்து மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

நமக்கு இது எட்டாத கதையன்று. 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்ட நம் தேவசகாயத்தின் எச்சங்கள் கோட்டாற்று ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. 2022 மே 15 அன்று அவர் புனிதராக உயர்த்தப்பட்டபோது நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு, இடைப்பட்ட 270 ஆண்டுகளில் அக்கல்லறையின் இடத்தை மறவாமல் காத்த தலைமுறைகளுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். அவருக்கு மறையை எடுத்துரைத்த டச்சுத் தளபதி தெ லனோயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள், கூரையிழந்த சிற்றாலயத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அங்கே சென்று ஒரு நிமிடம் நின்றிருக்கிறோம்?

என் குற்றம்

இனி என்னைப் பற்றி ஒன்று கூற வேண்டும். கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் ஓட்டுக்கூரை வேய்ந்த சிறிய பழைய ஆலயம் இருந்தது. மக்கள் பெருகிவிட்டனர், ஞாயிறு திருப்பலியில் பாதிப் பேர் வெயிலில் நின்றனர். புதிய ஆலயம் தேவைப்பட்டது உண்மை. ஆனால் பழையதை இடித்தே புதியதைக் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர்களுள் முதல்வன் நான். பீடத்தின் இருபுறமும் தேக்கு மரத்தில் முறுக்குத் தூண்கள் நின்றன. திராட்சைக் கொடி அவற்றைச் சுற்றிப் படர்ந்திருக்கும். கொடியில் ஒரு கிளி. அதன் மூக்கில் ஒரு பழம். உரோமையில் எந்தத் தூணிலும் நம் ஊர்க் கிளி இருந்திருக்காது. செதுக்கிய ஆசாரி யாரோ, எக்காலத்தவரோ! பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் வந்தார். பேசிய தொகைக்கு அவற்றைக் கொடுத்துவிட்டோம். அத்தொகை புதிய ஆலயத்தின் தரை ஓட்டுக்குக்கூடப் போதவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பின் வெளியூர் விடுதி ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் அத்தூண்களுள் ஒன்றைக் கண்டேன். அதன் தலைமேல் ஒரு பூச்சட்டி வைத்திருந்தார்கள். கிளி அப்படியே இருந்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சங்க ஏட்டைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். 1963இல் வெளிவந்த அவ்வேட்டின் 124ஆம் எண், ஆடம்பரத்தை நாடாமல் மேன்மையான அழகை நாடுமாறு கேட்கிறது. 126ஆம் எண், வழிபாட்டிற்குரிய கலைப்பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் காக்குமாறு எச்சரிக்கிறது. முதல் எண்ணைக் காட்டி நான் பழைய பீடத்தை அகற்றினேன். இரண்டாம் எண்ணை மறந்தேன். புதிய ஆலயத்தில் முதல் எண்ணையும் காக்கவில்லை என்பது அதன் பளபளக்கும் சுவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பழைய வாயில்

அவ்வாறெனில், பழையது எதையும் தொடலாகாதா? அப்படியும் நான் சொல்லவில்லை. நம் எல்லையை அடுத்த வடக்கன்குளத்தில், தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 1872இல் கட்டப்பட்ட ஆலயம் சாதிக்கொரு கூடமாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் ஒன்று சேர்ந்தது. பிரித்து நின்ற சுவர் 1910இல் தகர்க்கப்பட்டது. கட்டடமும் மறைக்கல்வி கற்பிக்கிறது. சில வேளை பொய்யைக் கற்பிக்கிறது. அத்தகைய சுவரை இடிப்பது திருச்சபையின் கடமை. ஆகவே வயது மட்டும் எந்தச் சுவரையும் புனிதமாக்குவதில்லை. அச்சுவர் யாரைச் சேர்த்தது, யாரைப் பிரித்தது என்று கேட்ட பிறகே கடப்பாரையை எடுக்க வேண்டும்.

வழி காட்டும் ஒரு கதவு பழைய கோவாவிலேயே இருக்கிறது. பிரான்சிஸ்கு சபையார் 1517இல் தொடங்கிய மடத்தை ஒட்டிய தங்கள் ஆலயத்தை 1661இல் முற்றிலும் புதுப்பித்தனர். காலத்திற்கேற்பப் பெரியதாக, உள்ளெங்கும் பொன் மிளிரக் கட்டினர். ஆனால் பழைய ஆலயத்தின் கல் வாயிலை மட்டும் கழிக்கவில்லை. புதிய முகப்பின் நடுவே அதனை அப்படியே நிறுத்தினர். இன்றும் அவ்வாயில் வழியாகவே உள்ளே செல்கிறோம். புதிய பாணியோடு அது பொருந்தவில்லை என்று கலை விமரிசகர் குறை கூறலாம். எனக்கோ கோவாவின் எல்லா முகப்புகளிலும் அதுவே மனத்தைத் தொட்டது. தம் முன்னோர் நுழைந்த வாயில் வழியாகவே தம் பிள்ளைகளும் நுழைய வேண்டும் என்று அத்துறவிகள் விரும்பினர் போலும்.

நம் பங்குகளிலும் இது இயலாததன்று. இடிக்குமுன் நான்கு பக்கமும் அளந்து வரைபடம் எடுத்து, நிழற்படம் எடுத்துப் பங்கு ஆவணங்களோடு வைக்கலாம். பழைய பீடத்தை நற்கருணைச் சிற்றாலயத்தில் நிறுவலாம். பழைய கதவைப் புதிய ஆலயத்தின் திருமுழுக்கு அறைக்கு வைக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, உண்மையிலேயே இடிக்கத்தான் வேண்டுமா, அல்லது முப்பது ஆண்டுகளாக நாம் வெள்ளை பூச மறந்துவிட்டோமா என்று முதலில் கேட்டுக்கொள்ளலாம்.

நான் இப்போது பணியாற்றும் பங்கிலும் பழைய ஆலயத்தை என்ன செய்வது என்னும் பேச்சு எழுந்திருக்கிறது. வரும் பொதுக்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். என் கருத்தைத் திணிக்க எனக்கு உரிமையில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் திணித்ததன் விளைவை அறிவேன். ஆனால் கிளி செதுக்கிய தூணின் கதையை அன்று மக்களிடம் சொல்லப் போகிறேன்.

கொத்தனாருக்கு நான் தர வேண்டிய விடையின் எஞ்சிய பகுதி இதுதான்: அந்தக் கோபுரம் தன்னை உயர்த்திக்கொண்டவர்களுக்கு எச்சரிக்கையாகவும், வெள்ளை பூசிக் காத்தவர்களுக்கு நினைவுச் சின்னமாகவும் நிற்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு மலையிறங்குவோமானால், நாம் கோவாவுக்குப் போனதில் பாதிப் பயனே பெற்றோம்.

ஊர் திரும்பிய மறுவாரம் அவர் கேளாமலே வந்தார். எங்கள் பழைய ஆலயத்தின் வடக்குச் சுவரில் ஏணி சாத்தி ஏறி, ஓட்டின் ஓரத்தில் முளைத்திருந்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கிக் கீழே போட்டார். "கூட்டம் முடியுது வரைக்குமாவது நிக்கட்டும் சாமி," என்றார். கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.